முடி கொட்டுகிறதா? எண்ணெய்க்கு முன் இரத்தத்தைப் பாருங்கள்

போன வருடம் இந்த இதழில் கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் போட்டுக் காய்ச்சும் தலை எண்ணெயின் செய்முறையை வெளியிட்டிருந்தோம். கல்வி உதவித்தொகை அறிவிப்புக்குக்கூட அத்தனை போன் வந்ததில்லை. எண்ணெய் காய்ச்சிய சகோதரிகளில் சிலர் ஆறு மாதம் கழித்து மறுபடி பேசினார்கள். "விடாமல் தேய்க்கிறோம், சீப்பில் வருவது குறையவே இல்லையே" என்றார்கள். அந்தச் செய்முறையில் தவறு இல்லை. ஆனால் நாங்கள் சொன்னது பாதி விஷயம்தான். எண்ணெய் முடியின் மேல்பக்கத்தை மென்மையாக வைத்துக்கொள்ளும். வேருக்குப் போகும் இரத்தத்தில் குறை இருந்தால் அதை எண்ணெயால் நிரப்ப முடியாது. விட்டுப்போன அந்த மறுபாதியை இப்போது எழுதுகிறோம்.

எங்களை எழுத வைத்தது ஒரு மருத்துவ முகாம். பெண்களுக்கான அறையில் ஒரு உம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு இருபது வயது. "நிக்காஹ்வுக்கு மூணு மாசம்தான் இருக்கு டாக்டரம்மா. சடை எலி வால் மாதிரி ஆயிடுச்சு. முடிக்கு நல்லதா ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார். அதற்குள் மூன்று வகை எண்ணெய், ஒரு ஷாம்பு என்று நாலாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்திருந்தார்.

டாக்டர் தலையைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பிள்ளையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்திருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்று கேட்டார். பிள்ளை உம்மாவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியது. அரிசி, சாக்பீஸ், ஐஸ் தின்னும் பழக்கம் உண்டா என்று கேட்டதும் உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமா, பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில போட்டுக்கிட்டே இருப்பா, எத்தனையோ தடவை திட்டியிருக்கேன்" என்றார். அது குறும்பு அல்ல. உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனவர்களிடம் அடிக்கடி காணப்படும் அடையாளம். பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.2 வந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12 கிராமுக்குக் குறையக் கூடாது. 8-க்குக் கீழே போனால் கடுமையான இரத்தசோகை என்று கணக்கு.

முடிக்கு மருந்து கேட்டு வராமல் இருந்திருந்தால் இது தெரிந்தே இருக்காது. நிக்காஹ் முடிந்து சில மாதத்தில் அந்தப் பிள்ளை உண்டாகியிருக்கும். அந்த அளவு இரத்தத்தோடு பிரசவத்துக்குப் போனால், மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் இரத்தப்போக்கைக்கூட உடம்பு தாங்காது. குழந்தை எடை குறைந்தும், மாதம் நிறையாமலும் பிறக்கும் ஆபத்தும் கூடுகிறது.

மூன்று மாதக் கணக்கு

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வரை வளரும், பிறகு இரண்டு மூன்று மாதம் ஓய்வில் நின்று, உதிர்ந்து, அதே குழியிலிருந்து புதிதாக முளைக்கும். ஆரோக்கியமான ஆளுக்கும் ஒரு நாளில் 50 முதல் 100 முடி விழும். வாரத்துக்கு ஒரு முறை தலைக்குக் குளிப்பவருக்கு அன்றைக்கு மொத்தமாகக் கையில் வரும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முடி வேரின் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் சேர்ந்தவை. அவற்றுக்குத் தீனி அதிகம் வேண்டும். உடம்புக்கு ஒரு நெருக்கடி வந்தால், இருப்பதை இதயத்துக்கும் மூளைக்கும் கொடுத்துவிட்டு முடியைக் கைவிட்டுவிடும். கஷ்டகாலத்தில் குடும்பச் செலவில் முதலில் எதை நிறுத்துவோமோ, அப்படித்தான். அப்போது பெருந்தொகையான முடிகள் ஒரே நேரத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போகும். ஓய்வு முடிந்து விழுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆவதால், இன்றைக்குக் கொத்தாக விழும் முடிக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு முன் நடந்த ஒன்றாக இருக்கும். டெங்கு, டைபாய்டு போன்ற கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, பிரசவம், வீட்டில் ஒரு மௌத், எடை குறைக்கப் பட்டினி கிடந்தது என்று ஏதாவது இருக்கும். நாமோ போன வாரம் மாற்றிய ஷாம்பின் மேல் பழி போடுகிறோம்.

இப்படி விழுந்தது காரணம் நீங்கினால் ஆறு மாதத்துக்குள் பெரும்பாலும் திரும்ப வரத் தொடங்கும். நாற்பது குளிப்பு முடிந்து, பிள்ளைக்கு மூன்று நான்கு மாதம் ஆகும்போது தாய்க்கு முடி கொட்டுவதும் இந்த வகைதான். பிள்ளை சிரித்தால் தாய்க்கு முடி கொட்டும் என்று பெரியவர்கள் சொல்வது காலக் கணக்கில் சரி, காரணத்தில் தவறு. ஒரு வருடம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இரும்பு எங்கே போகிறது?

2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. நம் வீட்டில் நான்கு பெண்கள் இருந்தால் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி வேகிற வீட்டில் எப்படி இரத்தசோகை வரும் என்று சிலர் கேட்கிறார்கள். சஹனில் கறி யார் பக்கம் போகிறது, பெண்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட உட்காருகிறார்கள், அப்போது சட்டியில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் இன்னொரு காரணம். கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் அது தடுக்கிறது. சுலைமானியில் எலுமிச்சை பிழிந்தாலும் அது தேநீர்தான். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இவற்றைவிடப் பெரிய காரணம் மாதவிடாய். ஏழு நாளுக்கு மேல் நீடிப்பது, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது, கட்டி கட்டியாகப் போவது இவையெல்லாம் அதிகப்போக்கு. முகாமுக்கு வந்த பிள்ளைக்கு மாதாமாதம் ஒன்பது நாள். உம்மாவுக்கும் அப்படியே இருந்ததால் இருவரும் அதை இயல்பு என்றே நினைத்திருந்தார்கள். நம் பெண்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. தொழுகைக்காகவும் நோன்புக்காகவும் எந்த நாளில் தொடங்கியது, எந்த நாளில் நின்றது என்று கணக்கு வைத்திருப்பார்கள். அதே கணக்கைக் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொன்னால் பாதி நோய் பிடிபட்டுவிடும்.

ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் முடி கொட்டலாம். உடம்பு முதலில் கிடங்கில் உள்ள இரும்பைச் செலவழிக்கும், கிடங்கு காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். அந்தக் கிடங்கின் அளவைச் சொல்வது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. 30-க்குக் கீழே இருந்தால் பல டாக்டர்கள் பற்றாக்குறையாக எடுத்துக்கொள்கிறார்கள். காய்ச்சல் இருக்கும்போது இந்த எண் பொய்யாக ஏறிவிடும், அதனால் குணமான பிறகு எடுங்கள்.

தைராய்டும் மற்றவையும்

முடியோடு சேர்த்து உடல் எடை ஏறுகிறதா? மலச்சிக்கல், குளிர் தாங்காமை, எப்போதும் தூக்கம், புருவத்தின் வெளிமுனை மெலிவது இவற்றில் சில இருக்கின்றனவா? டி.எஸ்.எச். என்ற தைராய்டு பரிசோதனை எடுக்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் முடி கொட்டும், அப்போது எடை குறைந்து நெஞ்சு படபடக்கும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் ரமளானில் அதை நிறுத்திவிடுவதைப் பார்க்கிறோம். நிறுத்தத் தேவையில்லை. வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய மாத்திரை என்பதால் சஹருக்கு முன்பா, இரவு தூங்கும்போதா என்று ரமளானுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும்.

வகிடு அகன்றுகொண்டே போவது, மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போவது, முகவாயில் முடி முளைப்பது, விடாத பருக்கள் இவை சேர்ந்து வந்தால் பி.சி.ஓ.எஸ். இருக்கலாம். ஆண்களுக்குரிய ஹார்மோன்கள் கூடுவதால் உச்சந்தலையில் முடி மெலிகிறது. பின்னால் சர்க்கரை நோய்க்கும் அது வழி விடும் என்பதால் கல்யாணமானால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாதீர்கள்.

வட்டமாக, வழவழவென்று முடி போனால் நாம் புழுவெட்டு என்கிறோம். அங்கே எந்தப் புழுவும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குகிறது. வெங்காயம், பூண்டு தேய்த்துத் தோலைப் புண்ணாக்காமல் தோல் டாக்டரிடம் போங்கள்.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. கல்ஃபிலிருந்து வரும் தம்பிமார்கள் அந்த ஊர்த் தண்ணீரைத்தான் குற்றம் சொல்கிறார்கள். தண்ணீரால் முடி வறண்டு உடையலாம். நெற்றியோரம் ஏறுவதும் உச்சியில் வழுக்கை விழுவதும் பெரும்பாலும் பரம்பரை, வாப்பா வழியாகவும் வரும், உம்மா வழியாகவும் வரும். உம்ராவில் மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பதும் வெறும் நம்பிக்கை, சவரக்கத்தி வேரைத் தொடுவதில்லை. ஹிஜாபால் முடி கொட்டுவதும் இல்லை. ஈரத் தலையை இறுக்கிக் கட்டி அதன்மேல் மூடுவதுதான் கெடுதல்.

மாத்திரை விஷயத்தில் கவனம்

முடிக்கென்று விற்கும் பயோட்டின் மாத்திரை இப்போது பல வீட்டு அலமாரியில் இருக்கிறது. பயோட்டின் குறைபாடு அரிது. அதிக அளவில் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனையின் முடிவையே தவறாகக் காட்டக்கூடும், அதனால் இரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சத்து கூடினாலும் முடி போகும். 2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிராவின் புல்தானா மாவட்டக் கிராமங்கள் சிலவற்றில் திடீரென்று பலருக்குத் தலை வழுக்கையானது. முதலில் தண்ணீரைச் சந்தேகித்தார்கள். பிறகு சோதித்தபோது அவர்கள் உடம்பில் செலினியம் என்ற சத்து அளவுக்கு மீறி இருந்தது தெரிந்தது. வைட்டமின் ஏ அதிகமானாலும் இப்படித்தான்.

இரும்பு மாத்திரையையும் பரிசோதனை இல்லாமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம். தலசீமியா மரபைச் சுமப்பவர்களுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகவே இருக்கும், அவர்களில் பலருக்கு இரும்பு தேவையே இருக்காது. சொந்தத்தில் நிக்காஹ் செய்யும் குடும்பங்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாத்திரை இலவசமாகக் கிடைக்கிறது. மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்கள் அதிகம், அது மாத்திரையின் நிறம்தான். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காயோடு எடுத்தால் நன்றாகச் சேரும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் கிடங்கு நிரம்ப இன்னும் மூன்று மாதமாவது தொடரச் சொல்வார்கள். முருங்கைக்கீரை, பேரீச்சை, சுவரொட்டி, ஈரல் எல்லாம் நல்லதே. உண்டானவர்கள் மட்டும் ஈரலைத் தவிர்க்க வேண்டும். ஆனால் 7-இல் இருப்பவரைச் சாப்பாடு மட்டும் 12-க்குக் கொண்டுவராது.

அந்தப் பிள்ளையை அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஸ்கேன் பார்த்து, அதிகப்போக்குக்கு மருந்து கொடுத்து, இரும்புச்சத்தை ஊசி வழியாக ஏற்றினார்கள். நிக்காஹ் குறித்த தேதியில் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். அன்றைக்கு முடி அப்படியேதான் இருந்தது. ஐந்தாவது மாதம் உம்மா போன் செய்தார். நெற்றியோரம் பொடிப்பொடியாக முளைக்கிறதாம், பச்சரிசி தின்பது நின்றுவிட்டதாம். சின்ன மகளையும் அழைத்துப்போய்ப் பார்த்திருக்கிறார், அவளுக்கு 9.1.

அடுத்த முகாமில் இன்ஷா அல்லாஹ் பெண்களுக்கும் வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை இருக்கும். பழைய ரிப்போர்ட்டுகளையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், மாதவிடாய் நாள் கணக்கையும் கையோடு எடுத்து வாருங்கள்.