பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம்: 'மாசூட்டல்' பாடத்தோடு ஓர் இணைப்பு

மேல்நிலை இரண்டாம் ஆண்டு இயற்பியலில் குறைகடத்திகளை நடத்தும்போது, சிலிக்கானில் பாஸ்பரசையோ போரானையோ சிறிதளவு சேர்ப்பதை மாசூட்டல் என்கிறோம். பல இலட்சம் அணுக்களுக்கு ஓர் அணு போதும், கடத்துதிறன் மாறிவிடும். புதுக்கோட்டை மாவட்டத்தில் நாம் கூரைகளில் காணும் மின்தகடுகள் பெரும்பாலும் இந்தச் சிலிக்கான் வகையே.

பெரோவ்ஸ்கைட் மின்கலம் இதற்கு இளையது. 1839இல் யூரல் மலையில் கண்டெடுக்கப்பட்ட கால்சியம் டைட்டனேட் கனிமத்தின் பெயர் இது. அதே படிக அமைப்புள்ள ஈய அயோடைடு சேர்மங்களைக் கொண்டு 2009இல் ஜப்பானில் மியாசாக்கா குழுவினர் 3.8 விழுக்காடு திறன் பெற்றனர். இன்று ஆய்வகங்களில் அது 25 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ஆயினும் ஈரமும் வெப்பமும் இதற்குப் பகை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பல ஆண்டுகள் தாங்குமா என்பதே கேள்வி. உலோக அயனிகளைச் சேர்ப்பது அதற்காகத்தான்.

இங்கே ஒரு கணக்கு, மாணவர்களே போடலாம். படிகக் கூட்டில் பெரிய நேரயனி நடுவில் அமர்கிறது. ஈயமும் அயோடினும் சுற்றிலும் கூடு கட்டுகின்றன. பெரிய நேரயனி, அயோடைடு ஆகியவற்றின் ஆரங்களைக் கூட்டி, ஈயம், அயோடைடு ஆரங்களின் கூட்டுத்தொகையை 1.414ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். இதுவே 1926இல் கோல்ட்ஷ்மிட் தந்த சகிப்புக் காரணி. ஈயத்துக்கு 119, அயோடைடுக்கு 220 பைக்கோமீட்டர் என்றால் வகுக்கும் எண் ஏறத்தாழ 479. ஃபார்மமிடினியத்தின் ஆரம் 253, காரணி 0.99. சீசியத்தின் ஆரம் 188, காரணி 0.85. ஒன்று கூட்டுக்குச் சற்றே பெரிது, மற்றது சிறிது. தனித்தனியே விட்டால் இரண்டும் அறை வெப்பநிலையில் ஒளியைச் சரியாக உறிஞ்சாத மஞ்சள் வடிவத்துக்குப் போய்விடும். ஃபார்மமிடினியத்தில் 15 விழுக்காட்டைச் சீசியத்தால் மாற்றினால் சராசரி ஆரம் 243, காரணி 0.97. கறுப்புப் படிகம் நிலைத்து நிற்கிறது! இரண்டு மஞ்சள் சேர்ந்து ஒரு கறுப்பு என்றால் மாணவர்கள் மறக்கமாட்டார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சீசியமும் ஃபார்மமிடினியமும் ஒரே மின்சுமை கொண்டவை. எனவே இதில் கூடுதல் எலக்ட்ரானோ துளையோ பிறப்பதில்லை. ஆய்வுக் கட்டுரைகள் இதையும் மாசூட்டல் என்றே எழுதுகின்றன. வகுப்பில் 'அயனிப் பதிலீடு' என்பதே குழப்பம் தராது. வேதியியல் பாடத்தில் வெள்ளி குளோரைடில் காட்மியம் குளோரைடு சேர்ப்பது வேறு: அங்கே மின்சுமை மாறுபடுவதால் காலியிடம் உண்டாகிறது. பொட்டாசியமோ படிகத் துகள்களின் எல்லைகளில் தங்கி, அயனிகள் இடம்பெயர்வதைத் தடுக்கிறது. டைட்டானியம் டையாக்சைடு அடுக்கில் சேர்க்கும் லித்தியம் எலக்ட்ரான் கடத்தலுக்கு உதவுகிறது.

நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு வேண்டாம். களிமண் உருண்டைகளால் கூடு கட்டி, நடுவில் எலுமிச்சையையும் நெல்லிக்காயையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லலாம். உண்மையான ஈய உப்புகளைப் பள்ளியில் கையாள வேண்டாம், அவை நச்சு. மின்வேதியியல் ஆய்வை நேரில் காட்ட விரும்புவோருக்கு, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே காரைக்குடியில் இருக்கிறது. முன் அனுமதி பெற்றுச் செல்லுங்கள்.