நெற்பயிரின் தற்காப்பும் இலைக்கருகல் நோயும்

நெற்பயிரைத் தாக்கும் நோய்களுள் பாக்டீரியா இலைக்கருகல் கொடியதொன்றாகும். ஜப்பான் தேசத்துக் குடியானவர்கள் இதனை 1884-ம் வருஷத்திலேயே கண்டனர். பீஹாரில் ஷாஹாபாத் ஜில்லாவில் 1963-ல் இது பெருவாரியாகப் பரவிச் சேதம் விளைத்தது. நோய் முற்றிய பின்னர் அதனை அடியோடு தீர்க்கும் மருந்து கிடையாது. ஆகவே பயிரின் தற்காப்பே குடியானவருக்குப் பெருந்துணையாகும்.

அடையாளங்கள்:- இலை நுனியில் தொடங்கி, ஓரங்களின் வழியே மஞ்சள் நிறம் அலைபோல் நெளிந்து கீழிறங்கும். பின்னர் இலை வைக்கோல் நிறமாய்க் காயும். அதிகாலையில் இலைமேல் பால் போன்ற துளிகள் தோன்றும். சந்தேகமுள்ள இலையைக் கத்தரித்து, வெட்டுவாய் தெளிந்த நீரில் படும்படி வைத்தால், சிறிது நேரத்தில் அவ்வாயினின்றும் கலங்கலான கசிவு இறங்கும். அக்கலங்கலே கிருமித்திரள்.

கிருமி நுழையும் வழி:- இலையோரத்தில் நீர் கசியும் நுண்துளைகளின் வழியாகவும் காயங்களின் வழியாகவும் கிருமிகள் உட்புகுந்து, நீரோட்டக் குழாய்களில் பெருகுகின்றன.

பயிரின் காவல்:- பயிருக்கு இரத்தமில்லை. கிருமியைத் தேடிச் சென்று அழிக்கும் அணுக்களுமில்லை. ஆதலின் ஒவ்வோர் உயிரணுவும் தன்னைத்தானே காத்துக்கொள்ளல் வேண்டும். அணுவின் மேற்பரப்பில் அமைந்த சில புரதங்கள், கிருமிக்கே உரிய பொருள்களைத் தொட்டறிகின்றன. அறிந்தவுடன் அணுவின் சுவர் தடிக்கிறது. கிருமியைக் கொல்லும் பொருள்கள் சுரக்கின்றன. கிருமியும் வாளாவிருப்பதில்லை. ஊசி போன்ற உறுப்பினால் தன் புரதங்களை அணுவினுள் செலுத்தி, எதிர்ப்பை அடக்குகிறது. சர்க்கரையை வெளியேற்றும் வாயில்களை மிகுதியாக உண்டாக்கச் செய்து, அச்சர்க்கரையை உண்டு பெருகுகிறது.

ஆப்பிரிக்காவின் மாலி தேசத்துக் காட்டு நெல்லொன்றில் எக்ஸ்ஏ 21 என்னும் எதிர்ப்பு மரபணு இருந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதனைப் பயிர் நெல்லில் சேர்த்தனர். 1995-ல் கலிபோர்னியாவில் அம்மரபணு தனியே பிரித்தறியப்பட்டது. அது கிருமியின் எந்தப் பொருளை அடையாளங் காண்கிறதென்பது 2015-ல் வெளியாயிற்று. ஆனால் கிருமி தன் அடையாளத்தை மாற்றிக்கொள்ளுமாயின், ஒற்றைக் காவல் ஏமாறும்.

இக்காரணம் பற்றி, ஹைதராபாத்தில் பி.பி.டி. 5204 என்னும் சாம்பா மசூரி ரகத்தில் மூன்று மரபணுக்கள் ஒருங்கே சேர்க்கப்பட்டு, மேம்படுத்தப்பட்ட சாம்பா மசூரி 2008-ல் வெளியிடப்பட்டது. எக்ஸ்ஏ 21 கிருமியை அடையாளங் காண்கிறது. எக்ஸ்ஏ 13 சர்க்கரை வாயிலைக் கிருமி திறக்கவொட்டாமல் தடுக்கிறது. எக்ஸ்ஏ 5 கிருமியின் புரதங்கள் தம் வேலையைச் செய்யவொட்டாமல் இடையூறு செய்கிறது. ஒன்று தவறினும் மற்றவை நிற்கும்.

குடியானவர் கவனிக்க வேண்டியவை:- எதிர்ப்புள்ள ரகமாயினும் காவலைப் பலவீனப்படுத்தும் செயல்களைத் தவிர்த்தல் அவசியம்.

1. நடவின்போது நாற்றின் நுனியைக் கிள்ளலாகாது. அக்காயமே கிருமிக்கு வாயில்.

2. தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் மிகுதியாக இடாமல், பிரித்து இடுக. மிதமிஞ்சிய தழைச்சத்தினால் நோய் பெருகும்.

3. நோய் கண்ட வயலின் நீரை அடுத்த வயலில் பாய்ச்சலாகாது.

4. வரப்பிலுள்ள களைகளையும், அறுவடைக்குப்பின் தானே முளைத்த நெல்லையும் அகற்றுக.

5. நோயற்ற வயலிலிருந்தே விதை எடுக்க.

பயிர் தன் கடமையை அணுதோறும் செய்துவருகிறது. அதன் சுவரில் காயமுண்டாக்காமல் காப்பது உழவரின் கடமையாகும்.