கல்லாவில் பேசும் வாய் கூட்டத்தில் அடைப்பதேன்?



காலையில் கடை திறந்தது முதல் இரவு ஷட்டரை இறக்கும் வரை பேசிப் பிழைப்பவர்கள் நாம். வாடிக்கையாளர் முகம் பார்த்தே அவருக்கு என்ன வேண்டும் என்று அறிந்துகொள்வோம். ஆனால், அதே நாம் ஓர் அதிகாரியின் கூட்டத்திலோ வங்கி மேலாளரின் அறையிலோ எழுந்து நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இதனால் நாம் இழப்பது கொஞ்சநஞ்சமல்ல. இக்குறையைப் போக்கும் வழி நம் கல்லாவிலேயே இருக்கிறது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பட்ட பாடு

பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. திருவொற்றியூர்ப் பக்கம் சாலையை அகலப்படுத்தக் கடைமுகப்புகளை எடுப்பது பற்றி ஓர் அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். எங்கள் வரிசையில் இருந்த பதினோரு கடைகளின் சார்பில் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் தலைவருக்கு வணக்கம் சொன்னேன். உறுப்பினர்களுக்கு வணக்கம் சொன்னேன். வணிகர்கள் நாட்டுக்குச் செய்த தொண்டையெல்லாம் எடுத்துச் சொன்னேன். பத்து நிமிடம் கழித்து அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரிங்க, உங்க கோரிக்கை என்ன?" என்று கேட்டார். எனக்கு உடனே சொல்ல வரவில்லை. "ஆவன செய்ய வேண்டும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்து எழுந்தவர் கருவாட்டுக்கடை அம்மாள். பள்ளிக்கூடம் போகாதவர். "என் கட ஆறடி சார். நாலடி இடிச்சிட்டா மீதி ரெண்டடி. அதுல நான் நிக்கறதா, கருவாட்டுக் கூட நிக்கறதா? எதிர்ல மார்க்கெட் பக்கம் எடம் காலியா கீது. அத்த குடுங்க, நானே போயிடறேன்" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதிகாரி பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். மறுவாரம் டேப்புடன் ஆள் வந்து அவர் கடையை அளந்து போனார். நான் பேசியதில் ஒரு வரிகூடக் கூட்டக் குறிப்பில் ஏறவில்லை. பதினோரு கடைக்காரர்களின் முகத்தை அன்று நிமிர்ந்து பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பெரம்பூர் வணிகர்கள் காட்டிய வழி

குறையை எடுத்துச் சொல்வதில் நம் வடசென்னை வணிகர்களுக்குப் பெருமைமிக்க முன்னோடிகள் உண்டு. பெரம்பூர் பகுதியில் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்த காலம். செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு என்ற இரு வணிகர்களிடம் ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் துன்பங்களைச் சொல்லி வருந்துவது வழக்கம். இவ்விருவரும் கேட்டதோடு நின்றுவிடவில்லை. 'நியூ இந்தியா' பத்திரிகையில் பணியாற்றிய பி.பி. வாடியாவைச் சந்தித்து நிலைமையை எடுத்துரைத்தார்கள். அதன் பயனாக 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்று இது. வாடியா தலைவர், நம் வணிகர் இருவரும் செயலாளர்கள்.

அன்று தொழிலாளருக்கு இருந்த குறைகள் பல. அவற்றுள் முன்னால் வைக்கப்பட்டவற்றுள் ஒன்று, உணவு இடைவேளை அரை மணி நேரம்தான் என்பது. இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. "தொழிலாளர் துன்பம் சொல்லி மாளாது" என்றால் கேட்பவர் அனுதாபப்படுவார்; அத்துடன் மறந்துவிடுவார். "சாப்பிட அரை மணி போதவில்லை" என்றால் அதற்கு ஆம் அல்லது இல்லை என்று பதில் சொல்லியே ஆக வேண்டும். கருவாட்டுக்கடை அம்மாளின் நாலடியும் இந்த அரை மணியும் ஒரே ரகம். கேட்பவர் மனத்தில் அளந்து பார்க்க முடிந்த குறைக்குத்தான் பதில் கிடைக்கும்.

பம்பாயிலிருந்து வந்த பார்சி வகுப்பினரான வாடியா தொழிலாளர் கூட்டங்களில் ஆங்கிலத்தில் பேச, அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டது. மொழி தெரியாதவருக்கும் செய்தி போய்ச் சேரும் என்பதற்கு இது சான்று. துறைமுகம், சுங்கம், ரயில்வே அலுவலகங்களில் தமிழ் அறியாத அதிகாரிகளிடம் நாமும் பேச வேண்டியிருக்கிறது. அங்கே வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். ஒரு கருத்து, ஒரு நிறுத்தம். பழமொழியும் சிலேடையும் மொழிபெயர்ப்பில் கரைந்துவிடும். எண்ணும் அளவும் அப்படியே போய்ச் சேரும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. கோரிக்கை முதலில். வணக்கம் ஒருமுறை போதும். இரண்டாவது வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். நேரம் பாதியில் முடிந்தாலும் கோரிக்கை பதிவாகியிருக்கும்.

2. அளவு சொல்லுங்கள். "லாரிகளால் வியாபாரம் படுத்துவிட்டது" என்பது புலம்பல். "எங்கள் வரிசையில் 14 கடைகள், காலை 8 முதல் 11 வரை கன்டெய்னர் லாரிகள் நிற்பதால் சென்ற வாரம் 4 நாள் சரக்கு இறக்க முடியவில்லை, அந்த மூன்று மணி நேரம் ஒரு பக்கத்தை ஒழித்துத் தர வேண்டும்" என்பது மனு. இது உதாரணம்தான். உங்கள் கணக்கை உங்கள் பேரேட்டிலிருந்து எடுங்கள். மிகைப்படுத்தி ஓர் எண் சொல்லி அது பொய் என்று தெரிந்தால், மற்ற ஒன்பது உண்மையும் அடிபட்டுப் போகும்.

3. மாதிரி காட்டுங்கள். மூட்டையில் குத்தூசி போட்டு ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் காட்டித்தானே விற்கிறோம்? கூட்டத்துக்கும் ஒரு புகைப்படம், ஒரு பில், கையால் வரைந்த ஒரு வரைபடம் கொண்டு போங்கள். ஒன்றிரண்டு போதும். கட்டு நிறையக் காகிதம் நீட்டினால் எதையும் பார்க்க மாட்டார்கள்.

4. ஒத்திகை பாருங்கள். முந்தின இரவு கல்லாவில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்து, வாய்விட்டு மூன்று முறை சொல்லிப் பாருங்கள். மனப்பாடம் வேண்டாம், ஓரிடம் மறந்தால் எல்லாம் மறந்துவிடும். ஓர் அட்டையில் நான்கு குறிப்பு எழுதிக்கொண்டால் போதுமானது.

5. நடுக்கத்துக்கு அஞ்சாதீர்கள். திருவள்ளுவரே 'அவை அஞ்சாமை' என்று தனி அதிகாரம் வகுத்திருக்கிறார் என்றால், அவையைக் கண்டு அஞ்சுவது நமக்கு மட்டும் வந்த நோயன்று. முதல் வாக்கியத்தை மட்டும் நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். அது வெளிவந்ததும் மற்றவை பின்தொடரும்.

6. எழுத்திலும் கொடுங்கள். பேசியதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

கருத்துக்கேட்புக் கூட்டங்கள்

தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் நிறைந்த நம் எண்ணூர், திருவொற்றியூர் பகுதியினர் இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பெரிய திட்டங்களுக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு பற்றி மத்திய அரசு 2006 செப்டம்பர் 14இல் வெளியிட்ட அறிவிக்கை தெளிவாகச் சொல்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கு இல்லை. நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். முடிவில் சொல்லப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை மக்கள் மொழியில் விளக்கிப் படித்துக் காட்ட வேண்டும். எனவே கடைசி வரை உட்கார்ந்திருங்கள். உங்கள் கருத்து அதில் வருகிறதா என்று கேளுங்கள். விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை மறந்திருக்க மாட்டோம். வலையும் படகும் பாழான மீனவர் துயரம் பெரிது. அவர் தொழில் நின்றால் ஐஸ் கடை, வலைக்கடை, மளிகைக்கடை எல்லாவற்றுக்கும் வரவு நிற்கிறது. கடன் நோட்டுதான் தடிக்கிறது. அந்த நோட்டே நமக்குச் சாட்சி. எடுத்துச் சொல்லாத நட்டத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

பிள்ளைகளுக்கும் இதுவே

கல்லூரியில் செமினார் என்றும், வேலைக்கு இன்டர்வியூ என்றும் நம் பிள்ளைகள் தவிக்கிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் பத்தி பத்தியாக எழுதி, சபைக்கு முதுகைக் காட்டி நின்று அதையே வாசிக்கிறார்கள். கடைப்பலகையில் நாம் எப்படி எழுதுகிறோம்? சில சொல், பெரிய எழுத்து. திரைக்கும் அதுவே அளவு. விடுமுறையில் பிள்ளைகளை ஒரு மணி நேரம் கல்லாவில் உட்கார வையுங்கள். அறியாதவர் முகம் பார்த்துப் பேசவும், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவும், தெரியாததை "விசாரித்துச் சொல்கிறேன்" என்று ஒப்புக்கொள்ளவும் கற்றுக்கொள்வார்கள்.

அன்று கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அந்தக் கருவாட்டுக்கடை அம்மாளிடம், "எப்படி அம்மா பயமில்லாமல் பேசினீர்கள்?" என்று கேட்டேன். "பயம் இல்லாமயா? கை ஒதறிச்சு. ஆனா எனக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும்ல, அண்ணே" என்றார். அடுத்த கூட்டத்துக்குப் போகுமுன் நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது அந்த ஒன்றைத்தான்.