வயது மட்டுமா காரணம்?

பாறசாலை, நெய்யாற்றின்கரை. இவை திருவனந்தபுரம் மாவட்டத்தின் எல்லைப்புற ஊர்கள். பக்கத்தில் உள்ள களியக்காவிளை தமிழ்நாட்டைச் சேர்ந்தது. இங்கே தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும்.

இந்தப் பகுதியில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்.

வீட்டில் ஒரு பாட்டா. வயது 70. ரப்பர் பால் வெட்டி உழைத்தவர். இப்போது வேலை இல்லை. பேச்சுத் துணையும் குறைவு. தினமும் மாலையில் குடிக்கிறார். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். இரவில் தூக்க மாத்திரையும் போடுகிறார்.

ஒரே மாதத்தில் இரண்டு முறை கீழே விழுந்தார். கை நடுங்கியது. பேரன் பெயர் மறந்து போனது.

"வயசாயிட்டு. அப்படித்தான் இருக்கும்" என்றார்கள் வீட்டார்.

ஒரு நாள் ஆஷா பணியாளர் வந்தார். பாட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லா மாத்திரைகளையும் எடுத்து வரச் சொன்னார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"பாட்டா, சாயங்காலம் குடிக்கிறது உண்டா? எவ்வளவு?"

பாட்டா தலை குனிந்தார். "என்னை ஏசவா வந்தே, மக்களே?"

"ஏச வரல்லே, பாட்டா. நீங்க இனி விழக் கூடாது. அதுக்குத்தான் கேட்கேன்."

"முன்னே குடிச்ச அளவுதான் இப்பவும் குடிக்கேன். கூட்டல்லே."

பாட்டா சொன்னது உண்மை. அளவு மாறவில்லை. உடல் மாறிவிட்டது.

வயதானால் உடலில் நீர் குறையும். கல்லீரலின் வேகமும் குறையும். அதனால் அதே அளவு மது கூடுதல் கெடுதி செய்யும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு தடைப்படலாம். சில சர்க்கரை மாத்திரைகளோடு மது சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். மயக்கம் வரும். "போதையில் கிடக்கிறார்" என்று விட்டுவிட்டால் உயிரே போகலாம். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

அரிஷ்டத்திலும் மது உண்டு. மருந்துதானே என்று அளவில்லாமல் குடிக்கக் கூடாது.

பாட்டிக்குக் கோபம் வந்தது. "இன்னைக்கே குப்பியை உடைக்கேன். இனி ஒரு சொட்டு கிடையாது."

"அவசரப்படாதீங்க, பாட்டி" என்றார் ஆஷா பணியாளர். "பல வருஷம் தினமும் குடிச்சவர் திடீர்னு நிறுத்தினா, இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். புத்தி தடுமாறலாம். நிறுத்தத்தான் வேணும். ஆனா டாக்டரோட உதவியோட நிறுத்தணும். தூக்க மாத்திரைக்கும் இதே விதிதான்."

கேரளத்தில் 1996ஆம் ஆண்டு சாராயம் தடை செய்யப்பட்டது. குடி ஒழியவில்லை. தடை மட்டும் போதாது. சிகிச்சையும் வேண்டும். 2016ஆம் ஆண்டு கேரள அரசு விமுக்தி திட்டத்தைத் தொடங்கியது. அதன் சிகிச்சை மையம் நெய்யாற்றின்கரை அரசு பொது மருத்துவமனையில் உள்ளது. 14405 என்ற எண்ணில் இலவசமாகப் பேசி ஆலோசனை கேட்கலாம்.

மறுநாள் காலை பாட்டா சட்டை மாற்றிக்கொண்டார். பாட்டி மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டார். மூன்று பேரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள்.

நினைவில் வைப்போம்

1. அடிக்கடி விழுதல், மறதி, கை நடுக்கம் ஆகியவற்றுக்கு வயது மட்டுமே காரணம் என்று விட்டுவிடக் கூடாது.
2. குடியைப் பற்றித் தனியாக, மரியாதையாகக் கேட்க வேண்டும்.
3. சாப்பிடும் மருந்துகளை எல்லாம் டாக்டரிடம் காட்ட வேண்டும்.
4. மருத்துவ உதவி இல்லாமல் திடீரென நிறுத்தக் கூடாது.

சிந்திப்போம்

1. ஆஷா பணியாளர் ஏசியிருந்தால் பாட்டா உண்மையைச் சொல்லியிருப்பாரா?
2. உங்கள் ஊரில் தனிமையில் வாடும் முதியவர் யார்? அவரிடம் நீங்கள் கடைசியாக எப்போது பேசினீர்கள்?