எந்த அட்டையை யாரிடம் காட்டுவது?

ஓசூர், கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கமிருந்து பெங்களூருக்கு ஆம்புலன்ஸ் வேலை தேடி வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. வேலையில் சேர்ந்ததும் முதலில் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்று கேட்பார்கள். அடுத்து, “சார், ஐ.டி. கார்டு எப்போ தருவாங்க?” என்பார்கள். கார்டு கழுத்தில் ஏறிவிட்டால் எல்லாம் கிடைத்துவிட்டது என்ற நினைப்பு. உங்களிடம் இருக்க வேண்டியது ஒரு அட்டை அல்ல, நாலைந்து. கேட்பவர் யார், எதற்குக் கேட்கிறார் என்று தெரிந்து சரியானதை எடுத்து நீட்டுகிறவர்தான் இந்தத் தொழிலில் நிலைப்பார்.

1. காகிதங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.
கம்பெனி கொடுக்கும் ஐ.டி. கார்டு, நீங்கள் அங்கே வேலை செய்கிறீர்கள் என்று மட்டுமே சொல்லும். என்ன படித்தீர்கள் என்பதைக் கோர்ஸ் சான்றிதழ் சொல்லும். கை இன்னும் பழக்கத்தில் இருக்கிறதா என்பதற்கு பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்பு) பயிற்சி அட்டைகள். தொழில் செய்யச் சட்டப்படி அனுமதி உண்டா என்பதற்குப் பதிவு. செக்யூரிட்டிக்கு முதலாவது போதும். ஒரு ஊசி தவறாகப் போய்க் கேஸ் ஆனால் மற்ற மூன்றையும் கேட்பார்கள்.

2. பதிவேட்டை மறக்காதீர்கள்.
கர்நாடகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 நவம்பர் 1, ராஜ்யோத்சவ நாளில் தொடங்கியது. பல வருடங்கள் இ.எம்.டி.க்கு, அதாவது ஆம்புலன்ஸில் நோயாளியைக் கவனிக்கும் டெக்னீஷியனுக்கு, டாக்டர், நர்ஸ்போல நாடு தழுவிய பதிவேடு எதுவும் இருக்கவில்லை. 2021-ல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம்தான் நம் தொழிலின் பெயரையும் அட்டவணையில் சேர்த்தது. மத்தியப் பதிவேடு, மாநிலப் பதிவேடு என்று இரண்டையும் அது சொல்கிறது. அந்தச் சட்டப்படி, இணைத் தொழில்முறையாளர் என்ற பெயருக்குக் குறைந்தது 2,000 மணி நேரப் படிப்பு வேண்டும். ஆகவே, மூன்று மாதத்தில் ‘பாராமெடிக்’ ஆக்குகிறோம் என்று போஸ்டர் ஒட்டுகிறவரிடம் பணம் கட்டும் முன், படிப்பு மொத்தம் எத்தனை மணி நேரம், எந்தப் பல்கலைக்கழகம் அல்லது போர்டு அங்கீகரித்தது என்று எழுத்தில் வாங்குங்கள். மார்க் ஷீட், இன்டர்ன்ஷிப் சான்றிதழ், வார்டு போஸ்டிங் லாக் புத்தகம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். பதிவுக்குப் போகும்போது அவைதான் பேசும்.

அமெரிக்காவிலும் இந்த இரட்டை ஏற்பாடு உண்டு. அங்கே இ.எம்.டி.களுக்கான தேசியப் பதிவகம் 1970-லேயே தொடங்கிவிட்டது. ஆனாலும் அதன் சான்று கையில் இருந்தால் மட்டும் வண்டியில் ஏற முடியாது. மாநிலம் தரும் லைசென்ஸ் தனியாக வேண்டும். பிரிட்டனில் பதிவு இல்லாதவர் தன்னைப் ‘பாராமெடிக்’ என்று சொல்லிக்கொள்வதே குற்றம்.

3. பெயரை இன்றே சரிசெய்யுங்கள்.
நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இன்ஷியல் ஒரு தீராத தலைவலி. மார்க் ஷீட்டில் ‘முருகன் செ’, ஆதாரில் ‘செ. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் செல்வம்’, பி.எல்.எஸ். அட்டையில் வெறும் ‘முருகன்’. ஆள் ஒருவர்தான் என்று உங்களுக்குத் தெரியும்; கம்ப்யூட்டருக்குத் தெரியாது. துபாய், அபுதாபி என்று போக நினைத்தால் அங்கே லைசென்ஸ் தருவதற்கு முன் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ் சரிபார்ப்பு நிறுவனம் மூலம் உங்கள் கல்லூரிக்கே எழுதிக் கேட்பார்கள். எழுத்து மாறினால் மாதக்கணக்கில் இழுக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே மற்ற எல்லாவற்றிலும் இருக்கட்டும்.

4. காலாவதித் தேதியை நீங்களே பாருங்கள்.
அமெரிக்க இதயச் சங்கத்தின் பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். அட்டைகள் இரண்டு வருடத்துக்குத்தான். எச்.ஆர். ஞாபகப்படுத்துவார் என்று காத்திருக்காதீர்கள். அட்டையின் எண்ணை இணையத்தில் போட்டால் உண்மையானதா என்று உடனே தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் ‘கிளாஸ் வேண்டாம், கார்டு மட்டும்’ என்று விற்கப்படுவது அங்கேயே மாட்டிக்கொள்ளும். மாட்டாவிட்டாலும் என்ன பயன்? நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம் என்பதைப் பொம்மைமேல் அழுத்திப் பழகாத கை, ஓடும் வண்டியில் எப்படிச் செய்யும்?

5. ‘டாக்டர்’ என்று கூப்பிட்டால் திருத்துங்கள்.
பதற்றத்தில் உறவினர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். “நான் டாக்டர் இல்லம்மா, ஆம்புலன்ஸ் இ.எம்.டி.” என்று சொல்ல இரண்டு விநாடி போதும். தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்படி, பதிவு பெறாமல் மருத்துவம் செய்கிறவருக்கு ஒரு வருடம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போனில் இருக்கும் டாக்டர் சொன்ன மருந்தைக் கொடுத்தால் அவர் பெயர், சொன்ன நேரம், அளவு மூன்றையும் கையோடு எழுதிவிடுங்கள்.

6. ஒப்படைக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள்.
ராத்திரி இரண்டு மணி. ஓசூர் ரோட்டில் பைக் விபத்து, தலையில் அடி. நிமான்ஸ் மருத்துவமனை கேஷுவால்ட்டிக்குக் கொண்டுபோகிறீர்கள். ஸ்ட்ரெச்சரை மாற்றியதும் வண்டிக்கு ஓடத் தோன்றும். நில்லுங்கள். நோயாளிப் பராமரிப்புப் படிவத்தில் எடுத்த நேரம், சேர்த்த நேரம், நினைவு எந்த நிலையில் இருந்தது, நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு எல்லாம் இருக்கிறதா? உங்கள் பெயரும் ஐ.டி. எண்ணும் படிக்கும்படி இருக்கிறதா? வாங்கிக்கொண்டவர் கையெழுத்து? நோயாளியின் பர்ஸ், செல்போன், செயின் யாரிடம் போனது? விபத்து என்றால் போலீஸ் கேஸ். வருடங்கள் கழித்து கோர்ட் சம்மன் வரும்போது உங்களுக்கு முகம்கூட ஞாபகம் இருக்காது. அந்த எண்ணும் கையெழுத்தும்தான் சாட்சி சொல்லும்.

7. எங்கே மாட்டுவது என்று யோசியுங்கள்.
கழுத்துக் கயிறு சி.பி.ஆர். செய்யும்போது நோயாளி முகத்தில் ஆடும், ரத்தத்தில் தோயும், போதையில் இருப்பவர் பிடித்து இழுப்பார். இழுத்தால் தானே கழன்றுவிடும் கயிறு வாங்குங்கள், அல்லது நெஞ்சுப் பையில் கிளிப் போட்டு மாட்டுங்கள். ஷிஃப்ட் முடிந்ததும் அட்டையையும் ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கள். பெயரும் பதவியும் கன்னடத்திலும் இருக்கட்டும். இங்கே வேலை செய்கிறவருக்கு நாலு வார்த்தை கன்னடம் பேசத் தெரிந்தால் அதுவும் ஒரு ஐ.டி.தான்.

8. பைலட்டின் லைசென்ஸ் உங்கள் பொறுப்பும்தான்.
108-ல் டிரைவரை ‘பைலட்’ என்போம். 7,500 கிலோவுக்கு மேற்படாத வண்டியை ஓட்ட எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. டிராவலர், விங்கர் ஆம்புலன்ஸ்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் லைசென்ஸ் காலாவதியாகியிருந்தால் எந்தத் தீர்ப்பும் கைகொடுக்காது. ஷிஃப்ட் தொடங்கும்போது ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்ப்பதோடு, அவர் லைசென்ஸ், வண்டியின் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் தேதிகளையும் பாருங்கள். டிஜிலாக்கரில் இருந்தாலும் செல்லும்.

9. கைவைத்தால் சும்மா விடாதீர்கள், திருப்பி அடிக்கவும் செய்யாதீர்கள்.
கர்நாடகத்தில் 2009-ல் வந்த சட்டம் டாக்டர், நர்ஸோடு பாராமெடிக்கல் ஊழியரையும் வன்முறையிலிருந்து காக்கிறது. புகார் கொடுக்கும்போது டியூட்டி ரோஸ்டர், ஐ.டி. கார்டு, நோயாளிப் பராமரிப்புப் படிவம் ஆகிய மூன்றின் நகலையும் சேர்த்துக் கொடுங்கள்.

10. தொலைந்தால் அன்றே சொல்லுங்கள்; விலகினால் திருப்பிக் கொடுங்கள்.
ஒரு கார்டைக் காட்டி ஐ.சி.யூ. வாசல்வரை போய்விடலாம் என்பதால் அதன் மதிப்பு வெளியில் இருப்பவனுக்கும் தெரியும். முதல் கார்டு வந்த சந்தோஷத்தில் அதை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். பின்னால் நோயாளி தெரிந்தால் இன்னும் மோசம்.

11. டியூட்டி இல்லாத நாளில் அட்டையைத் தேடாதீர்கள்.
சில்க் போர்டு சிக்னலில் ஒருவர் மயங்கி விழுந்தால் நெஞ்சை அழுத்த எந்த லைசென்ஸும் தேவையில்லை. உதவுகிறவரைப் போலீசோ ஆஸ்பத்திரியோ தொந்தரவு செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் சொல்லிவிட்டது. கர்நாடகத்தில் இதற்குத் தனிச் சட்டமும் உண்டு. ஆனால் வண்டியும் உத்தரவும் இல்லாத இடத்தில் ஊசி, மருந்து வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அழுத்திக்கொண்டே இருங்கள். வண்டி வந்ததும் என்ன நடந்தது, எத்தனை மணிக்கு என்று சுருக்கமாகச் சொல்லி விலகிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் டியூட்டியில் இருப்பவர் வண்டியில் வந்த இ.எம்.டி.தான். நீங்கள் எவ்வளவு சீனியராக இருந்தாலும் அவர் சொல்வதைக் கேளுங்கள்.