எட்டு போடும்போது கால் ஏன் தரைக்கு வருகிறது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 41. தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஸ்கூட்டர் கற்றுக்கொண்டு எல்.எல்.ஆர். வாங்கிவிட்டேன். பள்ளிக்கும் கடைக்கும் தனியாகத்தான் ஓட்டிப் போகிறேன், பயமே இல்லை. ஆனால் ஆர்.டி.ஓ. மைதானத்தில் எட்டு போடச் சொன்னால் கை நடுங்குகிறது, வாய் உலர்ந்துவிடுகிறது. முதல் தடவை பாதி எட்டில் கால் ஊன்றினேன். அடுத்த தடவை கோட்டைத் தாண்டிப் போய்விட்டேன். வரிசையில் என் மாணவன் ஒருவனுடைய அப்பா நின்றிருந்தார், அவமானமாகப் போய்விட்டது. புரோக்கரிடம் கொடுத்தால் முடிந்துவிடும் என்கிறார் கொழுந்தனார். பதற்றம் குறைய மாத்திரை ஏதும் போட்டுக்கொள்ளலாமா? மூன்றாவது தடவையும் தவறினால் என்ன ஆகும்?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில் (ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர்):

அம்மா, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தோன்றுகிறது. தேர்வில் தவறியவர் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று தடவை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும், பயிற்சிப் பள்ளியில் மறுபயிற்சியும் எடுக்க வேண்டும். மறுபயிற்சி என்பது 2019 சட்டத்திருத்தத்தில் சேர்ந்தது. எல்.எல்.ஆருக்கு ஆறு மாதம்தான் ஆயுள். தீர்ந்துபோனால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். இதற்கு மேல் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை.

தனியாக ஓட்டிப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பழைய பிரேக் இன்ஸ்பெக்டரிடமே இதைச் சொல்கிறீர்களே! எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் எல் போர்டு மாட்டி, உரிமம் உள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். தேர்வு முடியும்வரை அப்படியே செய்யுங்கள்.

உங்கள் சிக்கலுக்கும் இந்தத் தினசரி ஓட்டத்துக்கும் தொடர்பு இருக்கிறது. தெருவில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி தன்னாலேயே சாயாமல் நேராக நிற்கும். நடை வேகத்துக்கு வந்தால் அதைச் சாயாமல் நாம்தான் பிடிக்க வேண்டும். பள்ளி கேட், காய்கறிக் கடை, வேகத்தடை என்று வேகம் குறையும் இடத்திலெல்லாம் நீங்கள் காலைத் தொங்கவிட்டே பழகியிருப்பீர்கள். மாதக்கணக்கில் பழகிய கால், மைதானத்திலும் பழகியதைச் செய்கிறது. அதைப் பயம் என்று சொல்வது பாதிதான் சரி. பல வருடம் லைசென்ஸ் இல்லாமலே புல்லட் ஓட்டிய ஆண்கள் மைதானத்துக்கு மிடுக்காக வந்து, முதல் வளைவிலேயே இரண்டு காலையும் ஊன்றியதைப் பார்த்திருக்கிறேன். 2018இல் பெண்களுக்கான அரசின் அம்மா ஸ்கூட்டர் திட்டம் வந்தபோது, அதுவரை சைக்கிள் மட்டுமே ஓட்டிய பெண்கள் ஏராளமாக வந்தார்கள். அவர்களில் எட்டை மட்டும் பொறுமையாகப் பழகி வந்தவர்கள் அழகாகப் போட்டுவிட்டுப் போனார்கள்.

ஸ்கூட்டரில் கிளட்ச் லீவர் இல்லை, ஆகவே சுலபம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எட்டில் அதுவே தொல்லை. ஆக்சிலேட்டரை முழுதாக விட்டுவிட்டால் உள்ளே இருக்கிற கிளட்ச் தன் பிடியை விட்டுவிடும், பின்சக்கரத்துக்கு இழுவை போகாது, வண்டி சாயத் தொடங்கும். பதறிப்போய்த் திரும்ப முறுக்கினால் ஒரு வெட்டு வெட்டி முன்னால் பாயும். முதல் தடவை நீங்கள் கால் ஊன்றியதற்கும், அடுத்த தடவை கோட்டைத் தாண்டியதற்கும் அநேகமாக இந்த ஒரே கோளாறுதான் காரணம்.

ஆகவே எட்டுக்குள் நுழைந்ததும் வலது கை ஆக்சிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்து அதே அளவில் வைத்திருக்கட்டும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வேகத்தைக் குறைப்பது இடது பிரேக்கின் வேலை. அதையும் ஒரு விரலால் லேசாகத் தொட்டபடி இருந்தால் போதும். 2019க்குப் பிறகு வந்த ஸ்கூட்டர்கள் பெரும்பாலானவற்றில் இடது லீவரைப் பிடித்தாலே முன்சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். வளைவில் அழுத்திப் பிடித்தால் வண்டி உட்கார்ந்துவிடும். வலது லீவரை எட்டு முடியும்வரை மறந்துவிடுங்கள்.

அடுத்தது கண். பயந்தவர்கள் முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள கோட்டையே பார்ப்பார்கள். பார்த்த இடத்துக்குத்தான் வண்டி போகும். வளைவில் நுழையும்போதே மோவாயைத் திருப்பி, வளைந்து வெளியே வரப்போகும் இடத்தைப் பாருங்கள். எட்டின் நடுவில், இடதிலிருந்து வலதுக்கு மாறும் இடத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். அங்கே அவசரமாகத் திருப்பாமல் ஒரு நொடி ஹேண்டிலை நேராக விட்டு, அப்புறம் மறுபக்கம் திருப்புங்கள். கையை விறைப்பாக நீட்டிப் பிடித்தால் ஹேண்டில் திரும்பவே திரும்பாது. முழங்கை மடங்கியிருக்கட்டும்.

பழகுவதற்கு உங்கள் பள்ளி மைதானமே இருக்கிறது. ஆர்.டி.ஓ. மைதானத்தில் தேர்வு நடக்காத நேரத்தில் கேட்டுக்கொண்டு உள்ளே போய், எட்டின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து வாருங்கள். அதே அளவில் கோலமாவால் போட்டுப் பழகுங்கள். கை வந்ததும் இன்னும் கொஞ்சம் சிறியதாகப் போடுங்கள். ஓரத்துக்குச் செங்கல் வைக்க வேண்டாம், ஏறினால் விழுவீர்கள். இடையிடையே மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, கால் ஊன்றாமல், முடிந்தவரை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கால் பழக்கத்தை மாற்ற இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆளில்லாத மைதானத்தில் போட்ட எட்டு, ஆள் பார்க்கும்போது வராது. சரளமானதும் சக ஆசிரியைகளை, முடிந்தால் மாணவர்களையும் கூப்பிட்டு நிறுத்தி வைத்துப் போடுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். நான்கு நாளில் அது காதில் விழாது. அந்த மாணவனின் அப்பா உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார். அடுத்துத் தன் முறை என்ற கவலையில் நின்றிருப்பார்.

கை நடுங்கியதற்காக யாரையும் பெயிலாக்கியதில்லை. நாங்கள் பார்ப்பது ஹெல்மெட், கிளம்புமுன் பின்னால் பார்த்தீர்களா, சிக்னல் கொடுத்தீர்களா, கால், கோடு, நிறுத்திய விதம் ஆகியவைதான். கிளம்புமுன் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள், தோள் தானாக இறங்கும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையென்றால் கலங்க வேண்டாம். பல புது வண்டிகளில் சைடு ஸ்டாண்டு எடுக்காவிட்டாலும் பிரேக்கைப் பிடிக்காவிட்டாலும் ஸ்டார்ட் ஆகாது. முந்தின நாள் மாலை டயரில் காற்று பாருங்கள், குறைவாக இருந்தால் ஹேண்டில் கனக்கும். பழகிய வண்டியையே கொண்டு போங்கள். துப்பட்டாவை முடிந்துகொள்ளுங்கள்.

மாத்திரை வேண்டாம். படபடப்பைக் குறைக்கும் மாத்திரைகளில் சில, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்து. சில தூக்கம் வரவழைக்கும். மருத்துவர் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள். வெறும் வயிற்றில் காபி குடித்தால் நடுக்கம் கூடத்தான் செய்யும், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

புரோக்கர் விஷயத்தில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. லஞ்சம் வாங்குவதைப் போலவே கொடுப்பதும் இப்போது குற்றம். உங்களுக்கு இன்னும் கைவராதது நடை வேகத்தில் வண்டியைத் திருப்புவது ஒன்றுதான். சந்தைத் தெருவில் லாரி வழிமறிக்கும்போது அது தேவைப்படும். உரிம அட்டையைக் காட்டி அங்கே திரும்ப முடியாது.

ஸ்கூட்டரில் தேர்ச்சி பெற்றால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டுமே உரிமம் கிடைக்கும், வீட்டில் உள்ள பைக்கை எடுக்கக் கூடாது. உங்கள் வயதுக்கு அந்த உரிமம் பத்து வருடம் செல்லும். தேர்வன்று வீட்டுக்காரர் கூட வருவதானால், கேட்டுக்கு வெளியே டீக்கடையிலேயே இருக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் நின்று, "காலை ஊன்றாதே, காலை ஊன்றாதே" என்று கத்தும் கணவர்களால் ஊன்றப்பட்ட கால்கள் நிறைய.