லிவர்பூல் நால்வர்

இங்கிலாந்து நாட்டில் லிவர்பூல் என்று ஓர் ஊர் இருக்கிறது. அது துறைமுக ஊர். இரண்டாம் உலகப் போரில் அந்த ஊர்மீது குண்டுகள் விழுந்தன. பல வீடுகள் இடிந்தன. அந்தப் போர்க் காலத்தில் அங்கே பிறந்தவர்கள் நான்கு பேர். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். பிற்காலத்தில் இவர்களின் இசைக் குழு உலகப் புகழ் பெற்றது. அதன் பெயர் பீட்டில்ஸ்.

எளிய வீட்டுப் பிள்ளைகள்

ஜார்ஜின் தந்தை பேருந்தில் வேலை பார்த்தார். பாலின் தாய் செவிலி. பாலுக்கு 14 வயதானபோது தாய் இறந்துவிட்டார். ஜான் பெரியம்மா வீட்டில் வளர்ந்தார். அவருடைய தாய் 1958-இல் கார் மோதி இறந்தார்.

ரிங்கோ பட்ட பாடு இன்னும் அதிகம். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாய்தான் வேலை செய்து மகனை வளர்த்தார். ஆறு வயதில் ரிங்கோவுக்குக் கடுமையான வயிற்று நோய் வந்தது. பல மாதம் மருத்துவமனையில் கிடந்தார். பள்ளிப் படிப்பு நின்றது. எட்டு வயதிலும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் பாடம் சொல்லிக் கொடுத்தார். ரிங்கோ படிக்கக் கற்றுக்கொண்டார்.

13 வயதில் காசநோய் வந்தது. மீண்டும் நீண்ட காலம் மருத்துவமனை. நோயாளிப் பிள்ளைகள் சோர்ந்து போகாமல் இருக்க அங்கே வாத்தியக் குழு வைத்திருந்தார்கள். ரிங்கோ கட்டில் அருகே இருந்த பெட்டியைத் தட்டித் தட்டித் தாளம் பழகினார். உலகம் போற்றிய மேளக்காரர் உருவானது இப்படித்தான்.

உழைப்பால் வந்த புகழ்

மின்சார கிதாரும் டிரம்மும் சேர்ந்து ஒலிக்கும் துள்ளல் இசைதான் ராக் இசை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாட்டிலிருந்து அது வளர்ந்தது. லிவர்பூல் இளைஞர்கள் கறுப்பினப் பாடகர்களின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகினார்கள். இசையை ஏட்டில் எழுத நால்வருக்கும் தெரியாது. காதால் கேட்டார்கள். கையால் வாசித்தார்கள்.

1957-இல் ஜானும் பாலும் சந்தித்தார்கள். பிறகு ஜார்ஜ் சேர்ந்தார். 1960-இல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகருக்குப் போனார்கள். அங்கே இரவு விடுதிகளில் பல மணி நேரம் வாசித்தார்கள். 1962-இல் ஓர் இசைத்தட்டு நிறுவனம் அவர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. அவர்கள் மனம் தளரவில்லை. வேறொரு நிறுவனம் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு ரிங்கோவும் குழுவில் சேர்ந்தார்.

9-2-1964 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாடினார்கள். சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். இளைஞர்கள் அவர்களைப் போலவே முடி வளர்த்தார்கள். அவர்களைப் போலவே சொந்தமாகப் பாட்டு எழுதினார்கள். பல நாடுகளில் இசைக் குழுக்கள் தோன்றின.

எல்லோரும் ஒன்றாக உட்காரட்டும்

அப்போது அமெரிக்காவின் தென் பகுதியில் கறுப்பின மக்களைத் தனியே உட்கார வைக்கும் வழக்கம் இருந்தது. 1964 செப்டம்பரில் ஜாக்சன்வில் என்ற ஊரில் பீட்டில்ஸ் கச்சேரி. “கூட்டத்தை நிறத்தால் பிரித்தால் பாட மாட்டோம்” என்று நால்வரும் உறுதியாகச் சொன்னார்கள். ஊரார் வழிக்கு வந்தார்கள். எல்லோரும் ஒரே மைதானத்தில் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்திலேயே இதை எழுதி வாங்கினார்கள்.

யாருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்தார்களோ, அந்த மக்களை அவர்கள் மறக்கவில்லை.

அகதிகளுக்காக ஒரு கச்சேரி

ஜார்ஜுக்கு நம் நாட்டு சிதார் மீது ஆசை. பண்டிட் ரவிசங்கரிடம் சிதார் கற்றார். 1968-இல் நால்வரும் தியானம் பயில ரிஷிகேஷ் வந்தார்கள்.

1970-இல் குழு பிரிந்தது. 1971-இல் கிழக்கு பாகிஸ்தானில் கொடும் போர் நடந்தது. சுமார் ஒரு கோடி மக்கள் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தார்கள். ரவிசங்கர் வங்காளி. அவர் மனம் துடித்தது. ஜார்ஜிடம் உதவி கேட்டார்.

1-8-1971 அன்று நியூயார்க் நகரில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. சுமார் 40,000 பேர் வந்தார்கள். ரிங்கோவும் வந்து டிரம் வாசித்தார். கிடைத்த சுமார் 2,43,000 டாலர் ஐ.நா. குழந்தைகள் நிதிக்குப் போனது. துயரப்படும் மக்களுக்காகப் பெரிய கச்சேரி நடத்தலாம் என்று மற்ற கலைஞர்களுக்கு அது வழி காட்டியது.

1980-இல் ஜான் சுட்டுக் கொல்லப்பட்டார். 2001-இல் ஜார்ஜ் நோயால் இறந்தார். அவர்கள் பாட்டு இன்றும் ஒலிக்கிறது.

பதில் சொல்லுங்கள்

1. ரிங்கோ எழுதப் படிக்கக் கற்றது எப்படி?
2. ஜாக்சன்வில் ஊரில் நால்வரும் என்ன சொன்னார்கள்?
3. 1971 கச்சேரி யாருக்காக நடந்தது?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊரில் திருவிழாவிலோ கூத்திலோ எல்லோரும் ஒன்றாக உட்காருகிறார்களா? இல்லை என்றால், என்ன செய்யலாம்?